ஓட்டியவர் பிழையா, இயந்திரப் பழுதா? கொச்சி கப்பல் விபத்தில் விடையைப் பொறுத்தே இழப்பீடு

புதுதில்லி: கொச்சிக்குத் தென்மேற்கே அரபிக் கடலில் 2025 மே 25-ஆம் தேதி மூழ்கிய "எம்எஸ்சி எல்சா 3" சரக்குக் கப்பல் குறித்த சர்ச்சையில், எத்தனை கோடி இழப்பீடு என்பதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உள்ளது. கப்பல் கவிழ்ந்தது அதை இயக்கியவர்களின் பிழையாலா, கப்பலின் பழுதாலா? பொறியாளர்கள் மட்டுமே விவாதிக்க வேண்டிய விஷயம்போல இது தோன்றலாம். ஆனால், மட்டாஞ்சேரி, தோப்பும்படி தொடங்கி கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வரை கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது இக்கேள்விக்கான விடையில்தான் அடங்கியுள்ளது.

லைபீரியக் கொடியுடன் இயங்கிய இக்கப்பல் 1997-இல் கட்டப்பட்டது. விபத்தின்போது அதன் வயது 28. விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட அது, மே 24-ஆம் தேதி பிற்பகலில் 26 டிகிரி சாய்ந்துவிட்டதாக அபயக் குரல் எழுப்பியது. கப்பலில் இருந்த 24 பேரில் 21 பேர் அன்றே மீட்கப்பட்டனர். கப்பலைக் காப்பாற்றும் முயற்சியில் தங்கியிருந்த கேப்டன் உள்ளிட்ட மூவரைக் கடற்படையின் "ஐஎன்எஸ் சுஜாதா" மறுநாள் காலையில் மீட்டது. 640-க்கும் மேற்பட்ட கொள்கலன்களுடன் கப்பல் மூழ்கியது. அவற்றில் 13 அபாயகரமான சரக்கைக் கொண்டவை. 12 கொள்கலன்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. எரிபொருள் தொட்டிகளில் 367.1 டன் ஃபர்னஸ் எண்ணெயும், 84.44 டன் டீசலும் இருந்தன.

மோதல் ஏதுமில்லை, கடலடிப் பாறையில் தட்டவும் இல்லை. பருவமழை தொடங்கிய நேரம் என்றாலும், அந்தக் கடலில் மற்ற கப்பல்கள் சென்றுகொண்டுதான் இருந்தன. ஆகவே, தொடக்கத்திலேயே சந்தேகம் "பேலஸ்ட்" எனப்படும் சமநிலை நீர்த் தொட்டிகளின் மீது விழுந்தது. கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகமும் முதலில் சுட்டிக் காட்டியது இந்த அமைப்பைத்தான்.

தொட்டியும் வால்வும்

கொள்கலன் கப்பலில் சரக்கு ஏற ஏற, இறங்க இறங்க எடை ஒரு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய, அடிப்பகுதியிலும் பக்கவாட்டிலும் உள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவதும் வெளியேற்றுவதும் வழக்கம். குழாய்கள், வால்வுகள், பம்புகள் எல்லாம் ஒரு கட்டுப்பாட்டு மேடையிலிருந்து இயக்கப்படுகின்றன. ஒரு பக்கத் தொட்டியில் தேவைக்கு மேல் நீர் புகுந்தால் கப்பல் சாயும். சாய்ந்த கப்பலில் அடுக்கி வைத்த கொள்கலன்கள் சரிந்தால், சாய்வு மேலும் கூடும். அதன் பிறகு கப்பலை நிமிர்த்துவது மிகக் கடினம்.

நீர் ஏன் புகுந்தது என்பதில்தான் வழக்கே அடங்கியிருக்கிறது. பணியில் இருந்தவர் தவறான வால்வைத் திறந்திருந்தால் அது மனிதப் பிழை. சரியான பொத்தானை அழுத்தியும் வால்வு மூடவில்லை என்றால் அது பழுது. அந்த வால்வு மூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் கப்பலை அனுப்பியிருந்தால் அது மூன்றாவது வகை. ஊடக விவாதங்களில் முதல் இரண்டு மட்டுமே பேசப்பட்டன. சட்டம் கூர்ந்து பார்ப்பது மூன்றாவதை.

கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்ச வரம்பு விதிப்பது கடல்சார் சட்டத்தின் பழைய மரபு. 1976-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையும், அதைப் பின்பற்றிய இந்திய வணிகக் கப்பல் சட்டமும் இந்த வரம்பைக் கப்பலின் டன் கொள்ளளவை வைத்துக் கணக்கிடுகின்றன. சேதம் ஆயிரம் கோடியானாலும் பத்தாயிரம் கோடியானாலும் வரம்புக்கு மேல் தர வேண்டியதில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: சேதம் விளையக்கூடும் என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல், அல்லது வேண்டுமென்றே, உரிமையாளர் "தாமே" செய்த செயலாலோ செய்யத் தவறியதாலோ இழப்பு நேர்ந்திருக்க வேண்டும்.

அதாவது, கேப்டனோ பொறியாளரோ செய்த பிழை உரிமையாளரின் சொந்தப் பிழை ஆகாது. ஊழியர்தான் காரணம் என்று விசாரணை முடிந்தால் வரம்பு காக்கப்படும். யாரும் எதிர்பாராத திடீர்ப் பழுது என்று முடிந்தாலும் காக்கப்படும். பழுது முன்பே தெரியும், பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போட்டார்கள் என்று ஆவணங்களுடன் நிரூபித்தால் மட்டுமே வரம்பு உடையும். நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர்களுடையது. பராமரிப்புப் பதிவேடுகள் இருப்பதோ உரிமையாளரிடம். மனிதப் பிழை என்ற சொல் கப்பல் நிறுவனங்களுக்கு ஏன் அவ்வளவு கசப்பானது அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

கேரள அரசின் தயக்கம்

கேரள அரசு தொடக்கத்தில் குற்ற வழக்குக்கு அவசரம் காட்டவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு பெறுவதற்கே முன்னுரிமை என்பது அதன் முதல் நிலைப்பாடு. இதற்கு அரசியல் காரணம் கற்பிக்கப்பட்டதில் வியப்பில்லை. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகத்தின் மிக முக்கியமான வாடிக்கையாளர் இதே எம்எஸ்சி நிறுவனம்தான். எதிர்க்கட்சிகளும் மீனவர் அமைப்புகளும் நெருக்கிய பிறகு, ஜூன் 11-ஆம் தேதி ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. உரிமையாளர் முதல் எதிரி, கேப்டன் இரண்டாவது எதிரி, ஊழியர்கள் அடுத்து. இந்த வரிசையில் ஒரு செய்தி இருந்தது. ஆனால், சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்றான கப்பலைக் கவனக்குறைவாகச் செலுத்துதல் (பாரதிய நியாய சன்ஹிதா 282-ஆவது பிரிவு) அதிகபட்சம் 6 மாதச் சிறைக்கு உரியது. அதுவும் செலுத்தியவரை நோக்கியது.

அதன் பின்னர் அரசு வேகம் கொண்டது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தில் ரூ. 9,531 கோடி கோரி வழக்குத் தொடர்ந்தது. சுற்றுச்சூழல் பாதிப்புக்கு ரூ. 8,626.12 கோடி, சீரமைப்புக்கு ரூ. 378.48 கோடி, மீனவர்களின் பொருளாதார இழப்புக்கு ரூ. 526.51 கோடி என்பது கணக்கு. 2017-ஆம் ஆண்டு கடல்சார் உரிமைச் சட்டத்தின்கீழ், விழிஞ்ஞத்தில் நின்ற "எம்எஸ்சி அகிடெட்டா 2" என்ற வேறொரு கப்பலைச் சிறைபிடிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மூழ்கிய கப்பலை ஜப்தி செய்ய இயலாது என்பதால், அதே குழுமத்தைச் சேர்ந்ததாகக் கூறப்படும் மிதக்கும் கப்பலைப் பிடிப்பது இத்தகைய வழக்குகளில் நடைமுறை. செப்டம்பரில் பிணைத் தொகை ரூ. 1,227.62 கோடி என நீதிமன்றம் நிர்ணயித்தது. இது தீர்ப்புத் தொகை அல்ல. தீர்ப்பு வரும்வரை கப்பலை விடுவிப்பதற்கான ஈடு மட்டுமே. கேரள அரசு கோரியதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான் அது என்பதைக் கவனிக்க வேண்டும். மீனவர்களுக்கான பகுதி மொத்தக் கோரிக்கையில் 6 சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

கப்பல் தரப்பு எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று எல்லை பற்றியது. கப்பல் மூழ்கிய இடம் ஆலப்புழை மாவட்டம் தோட்டப்பள்ளியிலிருந்து 14.6 கடல் மைல். இந்தியாவின் ஆட்சிக்கடல் 12 கடல் மைலுடன் முடிகிறது. 2.6 மைல் வித்தியாசம்! இந்த வாதத்தின் வலிமை கேரளத்துக்குப் புதிதல்ல. 2012 பிப்ரவரியில் "என்ரிகா லெக்ஸி" என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் கேரள மீனவர் ஒருவரும் குமரி மாவட்ட மீனவர் ஒருவரும் உயிரிழந்தனர். நிகழ்விடம் ஆட்சிக்கடலுக்கு வெளியே என்பதால் கேரள அரசுக்கு வழக்கு நடத்தும் அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. இறுதியில் 2021-இல் ரூ. 10 கோடி இழப்பீட்டுடன் இந்தியாவில் வழக்கு முடிவுக்கு வந்தது.

விமானத்திலும் அதே கதை

தில்லியில் இதே கேள்வி இன்னும் உரத்த குரலில் ஒலித்தது ஆமதாபாத் விபத்துக்குப் பிறகு. 2025 ஜூன் 12-ஆம் தேதி ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் விழுந்து 260 பேர் இறந்தனர். ஒரு மாதம் கழித்து வெளியான முதற்கட்ட அறிக்கை, இரு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் "துண்டிப்பு" நிலைக்கு மாறின என்றது. ஏன் துண்டித்தாய் என்று ஒரு விமானி கேட்டதாகவும், நான் செய்யவில்லை என்று மற்றவர் மறுத்ததாகவும் அதில் பதிவாகியிருந்தது. யார் கேட்டார், யார் மறுத்தார் என்பது சொல்லப்படவில்லை. அந்த ஒற்றை உரையாடலை வைத்து உலக ஊடகங்கள் விமானியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. கேப்டனின் வயோதிகத் தந்தை உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. இறந்தவரால் பதில் சொல்ல முடியாது. விமானம் செய்தவருக்கு வழக்கறிஞர்கள் உண்டு.

கேரளத்திலேயே நிகழ்ந்த கோழிக்கோடு விபத்து இதைவிடப் பாடம் மிகுந்தது. 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி துபையிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்ததில் 21 பேர் இறந்தனர். விதிமுறைகளை விமானி பின்பற்றாததே காரணம் என்றது 2021-இல் வெளியான அறிக்கை. அதே அறிக்கையைத் தொடர்ந்து படித்தால், கொட்டும் மழையில் கேப்டன் பக்கக் கண்ணாடித் துடைப்பான் சரியாக இயங்கவில்லை என்பது தெரியவரும். மறுநாள் காலை விமானத்தை ஓட்ட கோழிக்கோட்டில் போதிய கேப்டன்கள் இல்லாததால், எப்படியும் தரையிறங்கிவிட வேண்டும் என்ற அழுத்தம் அவருக்கு இருந்திருக்கலாம் என்பதும் தெரியவரும். நாளிதழ்த் தலைப்புகளில் இடம்பெற்றதோ விமானியின் தவறு மட்டுமே.

கார்ப் பந்தய உலகில் இதற்குப் பெயர் பெற்ற முன்னுதாரணம் உண்டு. 1994 மே 1-ஆம் தேதி இத்தாலியின் இமோலா தடத்தில் பிரேசில் வீரர் அயர்டன் சென்னாவின் கார் சுவரில் மோதியது. திருப்புத் தண்டு முறிந்து கிடந்தது. முறிந்ததால் மோதியதா, மோதியதால் முறிந்ததா? வில்லியம்ஸ் அணி ஒன்று சொன்னது, அரசுத் தரப்பு மற்றொன்று சொன்னது. 2007-இல்தான், தண்டில் செய்த மாற்றம் மோசமானது, அணியின் தொழில்நுட்பத் தலைவர் பொறுப்பு என்று இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கூறியது. ஆனால், காலவரம்பு கடந்துவிட்டதால் யாருக்கும் தண்டனை இல்லை. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த விபத்துக்கு 13 ஆண்டுகள். கடலுக்கடியில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் வால்வுக்கு எத்தனை ஆண்டுகளோ!

விசாரிப்பவர் யார்?

கப்பலின் தகுதியைக் கண்காணிப்பதும், துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிப்பதும், விபத்து நிகழ்ந்தால் விசாரிப்பதும் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகமே. பழுது என்று முடிவானால், பழுதுடன் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துபோக எப்படி அனுமதித்தீர்கள் என்ற அடுத்த கேள்வி அதன் மீதே பாயும். விமான விபத்துகளை விசாரிக்கும் அமைப்பும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகிறது. விசித்திரம் என்னவெனில், ரயில்வேயில் மட்டும் இந்தக் கோளாறு பல பத்தாண்டுகளுக்கு முன்பே உணரப்பட்டு, ரயில்வே பாதுகாப்பு ஆணையம் வேறு அமைச்சகத்தின்கீழ் வைக்கப்பட்டது. அதனாலும் ஐயம் தீர்ந்துவிடவில்லை. 1988 ஜூலை 8-ஆம் தேதி கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடி ஏரியில் விழுந்து 105 பேர் இறந்தபோது, காரணம் சுழற்காற்று என்றது விசாரணை. ஓட்டுநரும் தவறவில்லை, தண்டவாளமும் தவறவில்லை. காற்றுதான் தவறியது என்ற அந்த முடிவைக் கேரள மக்கள் இன்றளவும் நம்பவில்லை.

1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கேரளக் கரையில் கப்பல் மூழ்கி மூன்று மாதங்கள்கூட ஆகாத நேரம். கண்ணூர் அருகே கடலில் "வான் ஹாய் 503" கப்பல் தீப்பற்றி எரிந்து நான்கு மாலுமிகள் காணாமல் போனதும் அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான். அப்படியிருந்தும், விசாரணை அமைப்பின் சுதந்திரம், உரிமையாளரின் பொறுப்பு வரம்பு ஆகியவை பற்றி இரு அவைகளிலும் ஆழமான விவாதம் நடக்கவில்லை. கடலோர மாநில உறுப்பினர்கள், தமிழக உறுப்பினர்கள் உள்பட, இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏனெனில், இது கேரளத்தின் பிரச்னை மட்டுமல்ல. கப்பலிலிருந்து சிதறிய வெண்ணிறப் பிளாஸ்டிக் துகள்கள் திருவனந்தபுரத்தைக் கடந்து குமரிக் கரையிலும் ஒதுங்கின. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் மீன் இறக்கும் ஆழ்கடல் விசைப்படகுகளில் கணிசமானவை தூத்தூர் வட்டாரத் தமிழ் மீனவர்களுடையவை. 2017 ஜூன் 11-ஆம் தேதி அதிகாலை பனாமா கொடி தாங்கிய "ஆம்பர் எல்" கப்பல் கொச்சிக்கு அப்பால் மீன்பிடிப் படகில் மோதியபோது இறந்தவர்களில் குளச்சலைச் சேர்ந்தவரும் ஒருவர். எல்சா விபத்துக்குப் பிறகு கேரள அரசு அறிவித்த உடனடி நிவாரணமான 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, எர்ணாகுளம் மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கானவை. ரூ. 526.51 கோடி கோரிக்கையும் கேரள அரசு தன் மீனவர்களுக்காகக் கேட்பது. தோப்பும்படியில் மீனை இறக்கி, குமரியில் குடும்ப அட்டை வைத்திருப்பவரின் இழப்பை எந்த அரசு, எந்த நீதிமன்றத்தில் கேட்கப் போகிறது என்பதற்குச் சென்னையும் தில்லியும்தான் விடை கூற வேண்டும்.