இரண்டு பிரதியும் ஒரே ஊரில்

பழைய போட்டோ, வீட்டுப் பத்திரம், பென்ஷன் காகிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டிலேயே ஒரு ஃபைல் சர்வரில் போட்டு வைக்கும் பழக்கம் நம் வயதுக்காரர்களிடமும் பரவிவிட்டது. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது பொருத்திவிட்டுப் போன பெட்டி. "ரெண்டு டிஸ்க் இருக்குப்பா, ஒண்ணு போனா இன்னொண்ணு" என்பார்கள். நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பது என் கட்சி.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில், ஏதோ பில் என்று மெயிலில் வந்ததை லேப்டாப்பில் திறந்தார்கள். மறுநாள் எந்த ஃபைலும் திறக்கவில்லை. பணம் கட்டச் சொல்லி ஒரு குறிப்பு மட்டும். சர்வரில் இருந்த 30 வருடப் படங்களும் போயின. மறைந்த மனைவியின் படங்கள் வேறெங்கும் இல்லை. "சர்வருக்குள்ளே வைரஸ் எப்படி சார் போச்சு?" என்று கேட்டார்.

போகவே இல்லை. கப்பம் கேட்கும் இந்த ரான்சம்வேர் லேப்டாப்பில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்துவிட்டது. ஷேரில் திருத்தவும் அழிக்கவும் நமக்கு அனுமதி இருந்தால் அதற்கும் இருக்கிறது. வீட்டுக்காரர்தான் திருத்துகிறார் என்று சர்வர் நினைத்துக்கொள்கிறது. ஒரு டிஸ்க்கில் எழுதியதை மற்றொன்று உடனே நகல் எடுப்பதால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொண்டன.

ஆகவே தினமும் புழங்கும் லேப்டாப், போன், டிவி எல்லாவற்றுக்கும் ஷேரைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். புதுப் படம் சேர்க்க வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். அதை லேப்டாப்பில் சேமித்து வைக்காதீர்கள். சிரமம்தான். ரிக்கார்டு ரூமில் பதிவேட்டைப் பார்க்கலாம், பேனாவோடு நுழைய முடியாது என்றிருந்தோமே, யாராவது குறைபட்டார்களா? (பட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி வேறொரு நாள்.)

பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் போட்டு வையுங்கள், நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை நிறுத்துங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. பிள்ளை வெளிநாட்டிலிருந்து படம் பார்க்கட்டும் என்று ரவுட்டரில் வாசல் திறந்து வைப்பதும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தனிப் பிரதி ஒன்று வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி எத்தா சிவில் பதிவேடு, அதாவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு, இரண்டாக எழுதப்படும். ஒன்று மேரியில், மற்றொன்று கோர்ட்டில். பாரிஸில் 1871 மே மாதம், கம்யூனின் கடைசி நாட்களில், நகர மண்டபமும் நீதிமன்றக் கட்டடமும் எரிந்தன. 1860க்கு முந்தைய பதிவுகள் இரண்டு பிரதியும் சாம்பல். பிறகு மீட்டு எழுத முடிந்தது சுமார் மூன்றில் ஒரு பங்கு. காலனிகளுக்கோ 1776 அரசாணைப்படி மூன்றாவது பிரதி கப்பலேற வேண்டும். புதுச்சேரியின் பழைய பதிவுகளை இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் பார்க்க முடிகிறது.

சர்வரும், அதிலேயே எப்போதும் செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கும் அந்த இரண்டு பாரிஸ் பிரதிகள்தான். மாதம் ஒருமுறை செருகி, படங்கள் திறக்கின்றனவா என்று நாலைந்தைப் பார்த்து, நகல் எடுத்துக் கழற்றி பீரோவில் வையுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுத்தால், ஒரு மாதம் கெட்ட நகல் எழுதிவிட்டாலும் போன மாதத்து நகல் இருக்கும். ஒன்று தங்கை வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ இருக்கட்டும். மேலே தேதி எழுதி ஒட்டுங்கள்.