பள்ளி வேனுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விளம்பரங்களில், வீட்டைவிடப் பெரிதாக இடம்பிடிப்பவை பொது வசதிகள்தான். நீச்சல் குளம், ஜிம், மினி தியேட்டர், ஸ்குவாஷ் அரங்கம், மொட்டை மாடியில் விருந்து மேடை. வாங்குபவர் இவை அத்தனைக்கும் விலை கொடுக்கிறார். சூப்பர் பில்ட்-அப் ஏரியா கணக்கில் கிளப் ஹவுஸின் பங்கும் அவர் தலையில்தான் ஏறுகிறது. குடிவந்த பிறகு அது மெயின்டனன்ஸாக மாதாமாதம் தொடர்கிறது. சதுர அடிக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,200 சதுர அடி வீட்டுக்கு 4,800 ரூபாய். பெரிய குடியிருப்புகளில் ஒரு வீட்டின் தொகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு பணம் போட்டுக் கட்டியவை ஒரு குடும்பத்தின் நாளில் எந்த நேரத்துக்கு உதவுகின்றன? கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பிற்பகல் மூன்றரைக்குப் பள்ளி வேன் கேட்டில் வந்து நிற்கிறது. பெற்றோர் வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகும். இடைப்பட்ட நான்கு மணி நேரம்தான் அந்தக் குடும்பத்தின் உண்மையான நெருக்கடி. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் தப்பித்தார்கள். இல்லையென்றால் ஊரிலிருந்து பாட்டியை வரவழைக்கிறார்கள். அதுவும் முடியாதபோது பெரும்பாலும் அம்மாதான் வேலையை விடுகிறார். அந்த நான்கு மணி நேரமும் கிளப் ஹவுஸ் காலியாகக் கிடக்கிறது. பெரியவர் துணையின்றிக் குழந்தைகளுக்கு அங்கே அனுமதியில்லை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டடம் ஒன்றே சரிசெய்துவிடாது. ஆனால் எந்த அறையைக் கட்டுவது, எதை விடுவது என்ற முடிவு அந்தச் சுமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நம் குடியிருப்புகளின் வரைபடங்கள் ஓய்வையும் கேளிக்கையையும் மையமாக வைத்து வரையப்படுகின்றன. குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவற்றில் இடமே ஒதுக்கப்படுவதில்லை. என் குறை இதுதான்.

வியன்னா நகரம் இதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தது. 1997-ல் கட்டி முடிக்கப்பட்ட ‘ஃபிராவன்-வெர்க்-ஸ்டட்’ குடியிருப்பைப் பெண் கட்டடக் கலைஞர்களே வடிவமைத்தார்கள். அங்குள்ள 357 வீடுகளில் வாழப்போகும் பெண்களின் அன்றாடத்திலிருந்து வரைபடம் தொடங்கியது. வளாகத்துக்குள்ளேயே மழலையர் பள்ளி, மாடிக்கு மாடி குழந்தை வண்டிகளை நிறுத்தும் இடம், நின்று பேச வசதியாக வெளிச்சமான படிக்கட்டுகள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளின் தரைத்தளம் பெரும்பாலும் வெற்றுத்தளமாகவே விடப்பட்டது. மலாய்க்காரர் திருமணமும் சீனர் இறுதிச் சடங்கும் அங்கேதான் நடக்கும். குழந்தைக் காப்பகமும் அங்கேயே வரும். அட்மிரல்டி வட்டாரத்தில் எழுந்த ‘கம்போங் அட்மிரல்டி’ இதில் அடுத்த படி. முதியவர்களுக்கான 104 வீடுகள், மருத்துவ மையம், உணவங்காடி எல்லாம் ஒரே கட்டடத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைக் காப்பகமும் முதியோர் மையமும் அருகருகே. உலகக் கட்டடக்கலை விழாவில் 2018-ன் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அது அரசு கட்டியது, நம்முடையவை தனியார் கட்டுபவை என்ற வேறுபாடு இருக்கிறது. இருந்தாலும் பாட்டியையும் பேரனையும் பக்கத்துப் பக்கத்து அறையில் வைக்கும் யோசனைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். மகனோடு இருக்க ஊரைவிட்டு வந்த பெரியவருக்கு வேண்டியது என்ன? லிப்டை விட்டு இறங்கியதும் உட்கார நிழலில் ஒரு திண்ணை, அருகிலேயே ஒரு கழிப்பறை, பேச நாலு பேர்.

இன்னொன்றைப் பேசவே நாம் தயங்குகிறோம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வது? தனி வீட்டில் வாசலில் பந்தல் போட்டு, தெருவை அடைத்து நாற்காலி போட்டுவிடலாம். எட்டாவது மாடிக்கு ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுபோக லிப்டில் இடம் இருக்காது. கார் பார்க்கிங்கில் இரண்டு வண்டிகளை நகர்த்தி, அந்த இடைவெளியில் உடலைக் கிடத்துகிறார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் தோட்டக் குழாயிலிருந்து வருகிறது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் கேட்டில் பெயரும் போன் நம்பரும் கேட்கப்படுகின்றன. பார்ட்டி ஹாலைக் கொடுக்கலாமா என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விவாதம் நடக்கிறது, பலரும் தயங்குகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய இடத்தில், கடைசியாக ஒரு மனிதருக்குக் கிடைப்பது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள கார் நிறுத்தும் இடம். இது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. தரைத்தளத்தில் தனி வாசலும் தண்ணீர் வசதியும் வடிகாலும் உள்ள ஒரு கூடம் இருந்தால் போதும். சாவு நடந்த இடத்தில் வளைகாப்பா என்று கேட்பார்கள். நம் பாட்டன், முப்பாட்டன் வீட்டுக் கூடங்களில் இரண்டும் நடந்தவைதான்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. முகப்பின் அழகு கெடும் என்று பால்கனியில் துணி காயப்போடத் தடை. மொட்டை மாடியை விருந்து மேடை எடுத்துக்கொண்டது. மழைக்காலத்தில் ஈரத்துணி படுக்கையறைக்குள் தொங்குகிறது.

வீட்டு வேலை செய்யும் பெண்கள் இல்லாமல் இந்தக் குடும்பங்களின் காலை விடியாது. காலை ஆறு மணிக்கு வந்து நாலைந்து வீடுகளில் வேலை செய்பவருக்குக் கழிப்பறையோ, சோற்றுப் பாத்திரத்தை வைக்க ஓர் இடமோ பல வளாகங்களில் இல்லை. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், காவலாளிகளும் சேவைப் பணியாளர்களும் தங்கும் இடத்தையும் பொதுப்பகுதிக்குள்ளேயே சேர்க்கிறது. அப்படியிருக்க, பணிப்பெண்களின் ஓய்வறையையும் நவீனக் குடும்பத்தின் முதன்மை வசதிகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, எந்த அளவு வீட்டுக்கு எத்தனை வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சொல்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. இதே கறாரான கணக்கு, குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இடங்களுக்கும் வேண்டும். 100 வீடுகளைத் தாண்டும் எந்தத் திட்டத்திலும் தரைத்தளத்தில் ஒரு பராமரிப்புக் கூடமும் பணியாளர் கழிப்பறையும் இருந்தால்தான் திட்ட அனுமதி என்று அரசு விதி செய்யலாம். கட்டுநர்களும் எல்லா அறைகளுக்கும் முன்கூட்டியே பெயர் சூட்டிவிடாமல், ஒரு கூடத்தைக் குழாயும் மின்சாரமும் மட்டும் கொடுத்து வெறுமையாக விட்டுவைக்கலாம். ஓராண்டு குடியிருந்து பார்த்தபின், அதை என்ன செய்வதென்று வீட்டுக்காரர்களே முடிவெடுக்கட்டும்.

கட்டி முடித்த குடியிருப்புகளுக்கும் வழி இருக்கிறது. 200 வீடுகள் உள்ள வளாகத்தில், கூட்டமே வராத மினி தியேட்டரை மூன்றரை முதல் ஏழரை வரை பிள்ளைகளுக்கான அறையாக்கலாம். பொறுப்பான இருவரை ஆளுக்கு 20,000 ரூபாய் சம்பளத்தில் வைத்தால் மாதம் 40,000 ரூபாய். வீட்டுக்கு 200 ரூபாய் ஆகிறது. பிள்ளை இல்லாத வீடு ஏன் தர வேண்டும் என்று கூட்டத்தில் நிச்சயம் ஒருவர் எழுந்து கேட்பார். நீந்தத் தெரியாதவரும் நீச்சல் குளத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை அவரிடம் சொல்லலாம்.