நாலு பேர் நாலு விதமா பேசட்டுமே!

‘நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க’ என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு விதமாகப் பேசியும் கேட்க சுகமாக இருக்கிற ஓர் இடம் உண்டு. ஸ்ட்ரிங் குவார்ட்டெட்!

இரண்டு வயலின், சற்றே பெரிய வயோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. அவ்வளவுதான். கையசைத்து நடத்த கண்டக்டர் இல்லை. எங்கள் தா.பழூர் பக்கத்துத் திருவிழாக்களில் அதிரும் தவில் போல தாளம் பிடித்துக்கொடுக்கவும் ஆள் இல்லை. ஒருவர் மூச்சிழுப்பதைக் கவனித்து மற்றவர் வில்லை எடுக்க வேண்டும்.

1973-ல் அமெரிக்க இளைஞர் டேவிட் ஹாரிங்டன், ஜார்ஜ் கிரம்ப் எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ இசையை ரேடியோவில் கேட்டார். வியட்நாம் போர்க்காலத்துப் படைப்பு. வாசிப்பவர்கள் குரல் எழுப்ப வேண்டும். தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளை வில்லால் தேய்க்க வேண்டும். ‘இதை வாசித்தே ஆகணும்’ என்று அவர் தொடங்கியதுதான் குரோனோஸ் குவார்ட்டெட். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதுப் படைப்புகள் இந்தக் குழுவுக்காகவே எழுதப்பட்டிருக்கின்றன. 2005-ல் ஆஷா போஸ்லேயுடன் ஆர்.டி.பர்மன் பாடல்களையும் ஆல்பமாக்கினார்கள்.

நம் ஊரிலும் ஒரு துணிச்சல் நடந்தது. ‘ராஜ பார்வை’ வயலினையும், 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வயலினையும் மறக்க முடியுமா? வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் வரிசைகளின் வேலையை கீபோர்டு விழுங்கத் தொடங்கிய 1990-களில், அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை உருவாக்கினார். தியாகராஜர் கீர்த்தனைகளை நான்கு குரல்களாகப் பிரித்து எழுதினார்.

சுலபமான வேலையா அது? நம் ஸ்வரம் கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கும். மேற்கத்திய ஹார்மனிக்கோ ஸ்வரம் நிலையாக நிற்க வேண்டும். ராகமும் கெடக் கூடாது, கூட்டணியும் உடையக் கூடாது!

‘இதெல்லாம் நமக்கு எதுக்கு?’ என்பவர்களுக்கு ஒன்று. வயலினே வெளியூர் வாத்தியம்தான். கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு 19-ம் நூற்றாண்டிலேயே அதைக் கையில் எடுத்தார். இன்று வயலின் இல்லாமல் கச்சேரி ஏது? யாரோ ஒருவர் புதுசை வாசித்ததால்தான் நமக்கு இந்தப் பழசு கிடைத்தது.

போனில் தேடி ஒரே பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதலில் முதல் வயலினைத் தொடருங்கள். அடுத்து செல்லோவை மட்டும். மூன்றாவது தடவை நால்வரையும். நம் வீட்டு நாலு பேரையும் இப்படிக் கேட்கப் பழகிவிட்டால், பாதி சண்டை குறைந்துவிடும்!