விசில் ஊதினால் விளம்பரம்

முப்பது வருஷத்துக்கும் மேல் சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்ஸியில் வேலை பார்த்தவன் நான். விளம்பரம் எழுதுவதோ படம் எடுப்பதோ என் வேலை இல்லை. டிவியில் பத்துப் பத்து விநாடியாக நேரம் வாங்கி க்ளையன்ட் தலையில் கட்டுவது என் வேலை. ஸ்பாட், எஃப்.சி.டி., ஆர்.ஓ. என்று தொழில் பாஷை பேசியே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. நியூ ஜெர்சியில் மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் விரல் தானாக விளம்பரத்தை எண்ண ஆரம்பித்துவிடும்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கக் கூப்பிடுவார். மரியாதைக்குப் போவேன். மூன்று மணி நேரம் ஓடும். 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்காரர்கள் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பந்து ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். மற்றதெல்லாம் ரீப்ளே, வீரர்கள் கூடி நின்று பேசுவது, விளம்பரம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் தொழிலில் இருப்பவனுக்கு அது காமதேனு. நம் கிரிக்கெட்டும் அதே ஜாதிதான். ஓவர் முடிந்தால் ஒரு ஸ்பாட், விக்கெட் விழுந்தால் இன்னொன்று. 2009-ல் ஐபிஎல் தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது அதுவும் போதாமல் ‘ஸ்ட்ராடஜிக் டைம் அவுட்’ என்று ஏழரை நிமிடத்தைச் சேர்த்தார்கள். வியூகம் வகுக்க என்றார்கள். யாருடைய வியூகம் என்று எங்கள் ஆபீசில் ப்யூனுக்குக்கூடத் தெரியும்.

கால்பந்து இந்த வழிக்கு வராது. விசில் ஊதினால் 45 நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கும். 1986-ல் மரடோனா ஆடிய உலகக் கோப்பை தூர்தர்ஷனில் வந்தபோது ஒரு பிஸ்கட் கம்பெனி மேனேஜரிடம் ஸ்பாட் விற்கப் போனேன். “ஏன் சார், இடைவேளையில எல்லாரும் எழுந்து பாத்ரூம் போயிடுவான். அப்பவா நம்ம பிஸ்கட்டைக் காட்டறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அமெரிக்க டிவிக்காரர்களையும் இதே கேள்விதான் அறுபது வருஷமாகக் குடைகிறது. அவர்கள் என்னைவிட விவகாரமானவர்கள். பதில் கிடைக்காதபோது ஆட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள்.

1967-ல் புதிதாக ஆரம்பிக்கப்பட்ட ஒரு கால்பந்து லீக்கை சிபிஎஸ் சேனல் ஒளிபரப்பியது. விளம்பரம் போட வேண்டிய நேரம் வந்தால் நடுவரின் உடம்பில் கட்டியிருந்த சின்னக் கருவி ஒலிக்கும். அவர் ஏதாவது ஒரு ஃபவுலுக்கு விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். ஒரு ஆட்டத்தில் கொடுத்த 21 ஃபவுல்களில் 11 விளம்பரத்துக்காகவே கொடுத்தவை என்று அந்த நடுவரே ஒப்புக்கொண்டார். என் சர்வீஸில் நான் செய்த தில்லுமுல்லுகள் சில உண்டு. இந்த உயரத்துக்கு நான் போனதில்லை.

1975-ல் பெலே வந்தார். நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு அவர் ஆடிய முதல் ஆட்டம் ராண்டல்ஸ் தீவு மைதானத்தில் நடந்தது. புல்லே சரியாக இல்லாத மைதானம். டிவியில் அசிங்கமாகத் தெரியும் என்று மண்ணுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். ஆட்டம் முடிந்து காலைப் பார்த்த பெலே, ஏதோ காளான் நோய் தொற்றிவிட்டதென்று பயந்துபோனார் என்று சொல்வார்கள். அமெரிக்க ரசிகனுக்கு டிரா பிடிக்காது என்று காஸ்மாஸ் ஆடிய லீக்கில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சமனில் முடிந்த ஆட்டங்களுக்கு ‘ஷூட் அவுட்’ கொண்டுவந்தார்கள். கோலிலிருந்து 35 கெஜத்தில் பந்து, எதிரே கோல்கீப்பர் மட்டும், ஐந்து விநாடிக்குள் அடித்தாக வேண்டும். லீக் 1984 சீசனோடு மூடப்பட்டது. 1996-ல் எம்எல்எஸ் என்ற புதிய லீக் பிறந்தபோது குழியிலிருந்து அந்த ஷூட் அவுட்டையே தோண்டி எடுத்து வந்தார்கள். கூடவே பூஜ்யத்தை நோக்கி இறங்கும் கடிகாரம், கூடைப்பந்தில் இருப்பது போல. இரண்டும் நான்கு சீசன் தாக்குப்பிடித்தன.

இத்தனைக்கும் காரணம், விற்கிறவர்களுக்கே சரக்கின் மேல் வெட்கம் இருந்ததுதான் என்பது என் எண்ணம். ‘மன்னிக்கணும், கோல் குறைவுதான், கொஞ்சம் மாற்றித் தருகிறோம்’ என்று சொல்லிக்கொண்டே கடை விரித்தால் யார் வாங்குவார்கள்? கால்பந்து பிடித்தவனுக்கு அது கால்பந்தாகத் தெரியவில்லை. பிடிக்காதவனுக்கோ அசல் கூடைப்பந்தே வேறு சேனலில் ஓடிக்கொண்டிருந்தது.

ரசிகனும் இல்லாமல் இல்லை. மகள் வீட்டிலிருந்து காரில் அரை மணி தூரத்தில் கெர்னி என்று ஓர் ஊர். ஸ்காட்லாந்திலிருந்து நூல் ஆலை வேலைக்கு வந்தவர்கள் நிறைந்திருந்த இடம். கிளார்க் நூல் ஆலை அணி 1885-ல் முதல் அமெரிக்கன் கோப்பையை வென்றது. அணியின் பெயர் ஓஎன்டி. ‘அவர் நியூ த்ரெட்’ என்ற அவர்களுடைய நூல் பிராண்டின் சுருக்கம். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆட்டத்தை ஒரு விநாடிகூட நிறுத்தாமல் நூற்றி நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒருவன் விளம்பரம் செய்துவிட்டுப் போயிருக்கிறான்! 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஆடிய ஹார்க்ஸ், மியோலா, ராமோஸ் மூவரும் இந்தக் கெர்னிப் பக்கம் வளர்ந்த பிள்ளைகள்.

அந்த 1994-ல்தான் டிவிக்காரர்களுக்கு லேசாகக் கண் திறந்தது. ஆட்டத்தின் நடுவே விளம்பரம் இல்லை; திரை ஓரத்தில் கடிகாரம், அதன் பக்கத்தில் ஸ்பான்சர் பெயர். நூல் ஆலைக்காரன் வழிதான். தொடக்க நாள் ராசி மட்டும் சரியில்லை. சிகாகோவில் தொடக்க விழாவில் பாடகி டயானா ராஸ் பெனால்டியை வெளியே அடித்தார். அன்று சாயங்காலம் கொலை வழக்கில் தேடப்பட்ட பழைய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் இருந்த வெள்ளை காரைப் போலீஸ் துரத்த, நாடே டிவியில் அதைப் பார்த்தது. ஆனால் மைதானங்கள் நிறைந்தன. முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள்.

இன்னொரு பக்கம் யூனிவிஷன் சேனலில் ஸ்பானிஷ் மொழியில் வர்ணனையாளர் ஆந்த்ரேஸ் கான்தோர் மூச்சுப் பிடித்து ‘கோல்’ என்று இழுத்துக் கத்திக்கொண்டிருந்தார். மொழி புரியாதவர்களும் அதற்காகவே சேனலை மாற்றினார்கள். ஆட்டத்துக்கு விளக்கமும் சொல்லாமல், சமாதானமும் சொல்லாமல் விற்ற மனிதர் அவர். ஆங்கில சேனல்களுக்கு இது உறைக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. 2006 உலகக் கோப்பைக்கு ஈஎஸ்பிஎன் முதன்மை வர்ணனையாளராகப் போட்டது பேஸ்பால் வர்ணனை செய்து பழகியவரை. தெரிந்த குரல் இருந்தால் ரசிகன் மிரளமாட்டான் என்று நினைத்திருப்பார்கள். வசவுதான் மிச்சம். 2010-ல் மார்ட்டின் டைலர், இயன் டார்க் என்று இங்கிலாந்துக் குரல்களையே கொண்டுவந்தார்கள். குறை சொன்ன வாய்கள் மூடின.

எனக்குப் பிடித்த வியாபாரம் என்பிசி 2013-ல் ஆரம்பித்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கை மூன்று வருஷத்துக்கு 25 கோடி டாலருக்கு வாங்கினார்கள். விளம்பரப்படுத்த ஒரு குறும்படம்: டெட் லாஸோ என்ற அமெரிக்கன் ஃபுட்பால் கோச், ஆஃப்சைட் என்றால் என்னவென்றே தெரியாமல் டாட்டன்ஹாம் அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார். சிரிப்பு முழுக்க அவர் மேல்தான். ஆட்டத்தின் மேல் துளிகூட இல்லை. அதுவரை வந்த விற்பனைக்காரர்கள் எல்லாரும் கால்பந்தைக் கூண்டில் நிறுத்தி விசாரித்தார்கள். இவர்கள் கூண்டில் ஏற்றியது தங்களையே. மற்றபடி ஆட்டம் ஆட்டமாகவே வந்தது. பாதி முடியும்வரை விளம்பரம் கிடையாது. இங்கே சனிக்கிழமை காலை ஏழரைக்கு முதல் ஆட்டம். அமெரிக்காவில் அந்த நேரத்துக்குப் போட்டியாக வேறு பெரிய ஆட்டம் எது இருக்கிறது? அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் விலை ஏறியது. 2022-ல் தொடங்கிய ஆறு வருஷத்துக்கு சுமார் 270 கோடி டாலர் என்றார்கள். பிஸ்கட் கம்பெனி மேனேஜருக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர். காலையில் ஃபில்டர் காபியோடு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவரும் வந்தார். இருபது நிமிடம் பார்த்துவிட்டு, “இவர்கள் எப்போது நிறுத்துவார்கள்?” என்றார். நிறுத்தமாட்டார்கள் என்றேன். “அப்படியானால் நான் எப்போது சமையலறைக்குப் போய் வருவது?” என்று கேட்டுவிட்டு எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தார். விளம்பரக்காரனாகச் சொல்கிறேன், எழுந்து போக முடியாத கண்ணைவிட விலை உயர்ந்தது டிவியில் வேறு எதுவும் கிடையாது. அந்தக் கண் முன்னால் மூலையில் ஒரு பெயர் 45 நிமிடம் நின்றால் போதும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு 2025 டிசம்பரில் ஃபிஃபா ஓர் அறிவிப்பு விட்டது. 2026 உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீர் குடிக்க இடைவேளை. வெயில் நாளுக்கு மட்டும் என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஜூன், ஜூலையில் இங்கே அடிக்கிற வெயில் எனக்குத் தெரியும். ஆனால் வெயிலோ குளிரோ, கூரை மூடி ஏசி போட்ட மைதானமோ, எல்லா ஆட்டத்துக்கும் உண்டாம். செய்தியை வாசித்ததும் 1967 நடுவரும் அவர் உடம்பில் கட்டிய கருவியும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பேத்தியிடம் சொன்னேன். எட்டு வயது, சனிக்கிழமை லீக்கில் ஆடுகிறாள். அவள் ஆட்டத்திலும் நடுவில் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பார்கள். “பெரியவங்களுக்குமா தாத்தா?” என்றாள். பெரியவர்களுக்குத்தான் என்றேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மேஜையில் கிடந்த பீட்சா கடை நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 104 ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு இடைவேளை, இடைவேளைக்கு மூன்று நிமிடம். 624 நிமிடம். பத்து மணி நேரம், இருபத்துநாலு நிமிடம். முழுவதையும் விற்றால் பத்து விநாடி ஸ்பாட்டாக 3,744. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மாப்பிள்ளை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்ன மாமா கணக்கு?” என்றார். தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். “ஒண்ணுமில்ல, பழைய பழக்கம்” என்றேன்.