விதானத்துக் குளமும் கீழே கிடக்கும் குப்பையும்

சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக்குளம் இருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் உலவும் அக்குளத்தை ஒன்பதாம் நூற்றாண்டினது என்பர் ஆய்வாளர். சென்றமுறை நான் போயிருந்தபோது, சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றனர். கீழே இறங்கியதும் அதே பிள்ளைகள் பிஸ்கட் உறைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் பாறையிடுக்கில் செருகிவிட்டுப் பேருந்தேறப் போனார்கள்.

ஒருவனை நிறுத்தி, மட்கும் குப்பை எது, மட்காத குப்பை எது என்று கேட்டேன். மனப்பாடமாய்ச் சொன்னான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை வந்ததும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "பிறகு ஏன் எறிந்தாய்?" என்றேன். "கூட்டுறதுக்கு ஆள் வருவாங்க சார்" என்றான்.

மாணவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. ஊர்வலமும் ஓவியப் போட்டியும் உறுதிமொழியும் அதை வேண்டிய அளவு தந்துவிட்டன. இல்லாதது பழக்கம். அதற்கும் அடியில் இருப்பது, குப்பையைத் தொடுவது இன்னாருடைய வேலை என்று சாதி நமக்குக் கற்பித்திருக்கும் பாடம். தவறு செய்த மாணவனை வகுப்பறையைக் கூட்டச் சொல்லித் தண்டிக்கும்போது பள்ளியும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளோ, குப்பையைத் தரம்பிரிக்கும் பொறுப்பை அதை உண்டாக்குபவரிடமே வைத்தன.

அறிவைப் பழக்கமாக்கிக் காட்டிய மாவட்டம்தான் புதுக்கோட்டை. 1991இல் இங்கு தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தின் மேன்மையைப் பேசுவதோடு நின்றுவிடவில்லை. அதன் வழியே பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். மேடைப் பேச்சைக் கேட்டு யாரும் சைக்கிள் ஓட்டிவிட முடியாது. விழுந்து எழுந்துதான் கற்கவேண்டும்.

குப்பைக்கும் அதுவே வழி. ஆசிரியர் உட்பட எல்லோரும் முறைவைத்து வகுப்பறைக் குப்பையைப் பிரிக்கட்டும். சத்துணவின் மிச்சம் பள்ளித் தோட்டத்திலேயே உரமாகட்டும். தூய்மைப் பணியாளர் ஒருவரை அழைத்து, அவருடைய ஒருநாள் வேலையை மாணவர்களுக்குச் சொல்லச் சொல்லலாம். பிரித்து வைத்ததையெல்லாம் ஒரே வண்டியில் கொட்டிச் செல்வதைக் கண்டால், அதை உள்ளாட்சியிடம் கேட்கும் துணிவும் பிள்ளைகளுக்கு வரட்டும்.

"ஆள் வருவாங்க" என்ற அந்த ஒற்றை வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து அகலும்வரை, விதானத்தில் தீட்டப்பட்ட குளம் மட்டுமே சுத்தமாக இருக்கும்.