தூண் எதைத் தாங்குகிறது?

வெளிநாட்டில் இருபது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் முதலில் வாங்குவது மனை. அடுத்து வாங்குவது 'எலிவேஷன்'. கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு வண்ணப்படம் கைக்கு வருகிறது. முன்னால் நான்கு ரோமானியத் தூண்கள், அதன் மேல் ஒரு முக்கோணம், மாடி நெடுகக் கடைந்தெடுத்த குட்டித்தூண்கள், கேட்டின் இரு பக்கமும் சிங்கம். பின்னணியில் நீல வானம், ஊட்டியில் வளர்வது போலப் புல். அந்தப் படத்தில் ஒருநாளும் மழை பெய்வதில்லை!

காரைக்கால் பக்கம் சுரக்குடி மாதிரி ஒரு வயல்வெளி ஊரில் இப்படி ஒரு மாளிகை எழுந்தால் எப்படி இருக்கும்? சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. ஓட்டு வீட்டில் ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்து வளர்ந்தவருக்கு அரண்மனை ஆசை வருவதில் என்ன தப்பு? "நம்ம ஊருக்கு எதுக்குய்யா ரோமாபுரித் தூண்?" என்று கேலி பேசுகிறவர்கள், அந்தத் தூண் இந்தப் பக்கம் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது 1739-இல். அதற்கு ஓராண்டு முன்பே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு கட்டி முடிந்துவிட்டது. ஆமாம், டூப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதினாரே, அவரேதான். அந்த வீட்டின் கீழ்த்தளம் நம்மூர் மரத்தூண்களோடு நிற்கிறது. மாடியில் பிரெஞ்சு பாணியில் வெள்ளைக் காரைத் தூண்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கியபோதும் தப்பிய மிகச் சில கட்டடங்களில் அது ஒன்று. புதுச்சேரியின் தமிழர் தெருக்களில் பிறகு கட்டிய பல மாடி வீடுகளும் இதே வழியில் போயின. கீழே திண்ணை, அதற்கு முன்னால் தெருவைப் பார்த்து மரக்கால்கள் தாங்கும் தாழ்வாரம். மேலே வளைவு ஜன்னல், ஐரோப்பியத் தூண், கைப்பிடிச் சுவர். செட்டிநாட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி தாண்டி, அதே ஐரோப்பிய முகப்பின் உச்சியில் கஜலட்சுமியைச் சுதையில் உட்கார வைத்தார்கள்.

ஆகவே கலப்பு ஒன்றும் பாவமில்லை. அந்தக் கலப்பைச் செய்தவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்காமல் படத்தை மட்டும் நகலெடுப்பதில்தான் கோளாறு.

முதல் கோளாறு அளவில். இத்தாலிக்காரர் விக்னோலா 1562-இல் தூண்களுக்கான கணக்கை எழுதி வைத்தார். டோரிக் தூண் என்றால் உயரம் அடிவிட்டத்தைப் போல எட்டு மடங்கு, கொரிந்தியத் தூண் என்றால் பத்து மடங்கு. அதாவது இருபது அடி உயரத்தில் இலை வேலைப்பாட்டுத் தலையோடு தூண் வேண்டுமானால் அது கீழே இரண்டு அடி தடிமன் இருக்க வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? ஒன்பது அங்குல கான்கிரீட் பில்லரைச் சுற்றி மோல்டு வைத்துக் கொஞ்சம் பூசி, இரண்டு மாடி உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். விளைவு பாக்கு மரம். அதன் தலையில் ஒரு முக்கோணத்தைச் சுமத்தினால் பார்க்கிறவருக்கே கழுத்து வலிக்கிறது. ஒரே தளத்துக்குப் பத்தடித் தூண் போட்டு, ஓரடி விட்டம் கொடுத்திருந்தால் பாதிச் செலவில் இரண்டு மடங்கு கம்பீரம் வந்திருக்கும்.

"அசல் கல் இல்லையே, பூச்சுதானே, அதனால்தான் மட்டமாகத் தெரிகிறது" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. பல்லாடியோ என்ற மேதை இத்தாலியில் கட்டிய மாளிகைகளில் நிறையத் தூண்கள் செங்கல்லால் கட்டிச் சாந்து பூசியவைதான். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மதுரையில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களும் செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. அங்கே போய் நிற்கிற யாருக்காவது அது மட்டமாகத் தெரிகிறதா? அளவு சரியாக இருந்தால் செங்கல்லும் மலை மாதிரி நிற்கும்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். காவிரிக் கடைமடையில் வீடு கட்டுகிறவர் மறக்கவே கூடாத விஷயம். கிரேக்கக் கோயிலின் முக்கோணம் அலங்காரத்துக்கு முளைத்ததல்ல. இருபுறமும் சரிந்து மழையை வடிக்கும் கூரையின் முனை அது. சுவர் உச்சியில் வெளியே நீளும் விளிம்பு, சுவர் நனையாமல் தண்ணீரைத் தள்ளி விடுவதற்காக வந்தது. நம் கோயில்களில் கபோதம், கொடுங்கை என்று இருப்பதும் அதே வேலையைச் செய்கிறது. ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் போல மட்டும் செய்து தர முடியாது என்று அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்களாம். அந்த அளவுக்கு நேர்த்தியாக மழையை வடித்த ஊர் நம்முடையது.

இன்றைய கனவு மாளிகையில் முக்கோணத்துக்குப் பின்னால் தட்டை மொட்டை மாடி. முன்பக்கம் சரிவு, பின்பக்கம் குட்டை! ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அந்தச் சந்தில் தண்ணீர் தேங்கும். விளிம்பு நாலு அங்குலம்கூட நீளாது. அதன் அடியில் ஒரு விரற்கடைப் பள்ளக்கோடு இழுத்திருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிப்போகும். அதையும் யாரும் இழுப்பதில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் ஒவ்வொரு தூணுக்கும் கறுப்புக் கண்ணீர் வழிந்திருக்கும்.

மூன்றாவது, உப்பு. மாடிக் கைப்பிடியில் வரிசையாக நிற்கும் அந்தக் குட்டித்தூண்கள் கடலோரத்தில் பெரிய வில்லங்கம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 (2000 பதிப்பு), கடலோரச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. உப்புக் காற்று நேரடியாகப் படாத மறைவான இடம் என்றாலும் 30 மி.மீ. வேண்டும். குட்டித்தூணின் கழுத்தே மூன்று அங்குலம், அதாவது 75 மி.மீ.தான். இரு பக்கமும் 45 விட்டால் 90 ஆகிறது. கம்பி வைக்க இடமே இல்லை! இருந்தும் கம்பி வைக்கிறார்கள். அது துருப்பிடித்து உப்பி, கழுத்தைப் பிளக்கிறது. முழுப்பணத்தையும் கொட்டிய முகப்பு சில வருடங்களில் சொரசொரவென்று உதிரத் தொடங்குகிறது. பழைய வீடுகளில் அந்த வேலையைச் சுட்ட மண்ணும் செங்கல்லும் சுண்ணாம்பும் பார்த்துக்கொண்டன. துருப்பிடிக்க அவற்றில் என்ன இருக்கிறது?

பழைய கட்டடம் என்றால் சாகாவரம் பெற்றது என்றும் நினைத்துவிட வேண்டாம். புதுச்சேரி கடற்கரையில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம், அசல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அசல் பிரெஞ்சு முகப்பு, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பராமரிப்பு போனால் எதுவும் போகும். அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அதற்கு ஓர் அரசாங்கம் இருந்தது. சுரக்குடியில் கட்டிய வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் பாரிஸிலோ துபாயிலோ. சாவி சித்தப்பா வீட்டில். வருடத்தில் பதினோரு மாதம் பூட்டு.

அந்த ஒரு மாதம் தவிர மற்ற நாட்களில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதான அப்பாவும் அம்மாவும்தான். அவர்களுக்கு அந்த முகப்பு என்ன கொடுக்கிறது? திண்ணையை எடுத்துவிட்டு போர்ட்டிகோ வைத்தாயிற்று. கார் வருவது வருடத்துக்கு ஒருமுறை. அப்பா சாயங்காலம் தூணுக்கும் தூணுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பூட்டிய கேட் கம்பி வழியாகத் தெருவைப் பார்க்கிறார். தெருவில் போகிறவர் "என்ன மாமா, சாப்பிட்டாச்சா?" என்று நின்று பேச ஒரு இடம் இல்லை. பழைய காரைக்கால் 'சொல்தா' வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், மாடியில் என்ன தூண் வைத்தாலும் கீழே திண்ணையை விட்டுக்கொடுக்கவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

எனவே அரண்மனை வேண்டுகிறவர் தாராளமாகக் கட்டட்டும். தரைமட்டத்தை வெள்ளம் எட்டாத உயரத்துக்குத் தூக்கி, அந்த உயரத்தையே திண்ணையாக்கலாம். அதன் மேல் தடித்த, குள்ளமான, செங்கல் தூண்கள் ஆறு. தூணுக்கு மேல் இரண்டடி நீளும் கொடுங்கை. மாடியில் குட்டித்தூண் வரிசைக்குப் பதில் ஓட்டை விட்டுக் கட்டிய கனமான செங்கல் கைப்பிடிச் சுவர். முக்கோணம் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால் அதற்குப் பின்னால் உண்மையான ஓட்டுக்கூரையைப் போட்டுவிட்டு வைத்துக்கொள்ளலாம். உச்சியில் கஜலட்சுமிக்கும் இடம் கிடைக்கும். சிங்கம் இரண்டும் தேவையா என்பதை வீட்டு அம்மாவிடம் கேட்டுக்கொள்ளவும். தினமும் அதைத் துடைக்கப் போகிறவர் அவர்தான்.