மாமாவின் துப்பாக்கிக்கு எந்தக் கட்டை?

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு எழுபது முடிந்தது. காலையில் சேடா நகர் முருகன் கோயிலில் ஒரு அர்ச்சனை, மத்தியானம் தாராவியில் மாமா வீட்டில் கோழிக்குழம்பு. செம்பூரிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் மச்சான் மெதுவாகப் பக்கத்தில் வந்து செல்போனைக் காட்டினான்.

"அத்தான், இந்தப் பிடி எப்படி இருக்கு பாருங்க. நீங்க மெக்கானிக்கல் ஆளாச்சே."

கறுப்பு பிளாஸ்டிக். பின்னால் தோளில் வைக்கிற கட்டையே கிடையாது, பிஸ்டல் மாதிரி ஒரு கைப்பிடி மட்டும். சினிமாவில் வில்லன் கோட்டுக்குள்ளிருந்து உருவுவானே, அதே சாமான். மாமாவின் பழைய டபுள் பேரல் துப்பாக்கியின் மரக்கட்டையை அறுத்துவிட்டு இந்த மாதிரி ஒன்றை மாட்ட வேண்டுமாம். ஏன்? மச்சானுக்கு நைட் ஷிப்ட். எதிர் பில்டிங்கில் இரண்டு மாதத்துக்கு முன் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். வீட்டில் தங்கச்சியும் (மச்சான் மனைவி) நாலு வயதுப் பிள்ளையும், தூக்க மாத்திரை போட்டுப் படுக்கிற மாமாவும்தான் இருக்கிறார்கள்.

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் பயம் நிஜம். அதனால் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வோம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கியின் கதை. மாமா பட்டாளத்தில் இருந்துவிட்டு 1991-இல் வெளியே வந்தார். மாட்டுங்கா பக்கம் ஒரு வங்கியில் காவல் வேலை. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் வேலை என்றார்கள். ஊரில் கொஞ்சம் நிலத்தை விற்று 12 போர் ரெட்டைக் குழல் ஒன்று வாங்கினார். வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு மீசையோடு உட்கார்ந்திருப்பார்களே, அதில் ஒருவர். அந்தத் துப்பாக்கிதான் மச்சானைப் படிக்க வைத்தது, ஊரில் அத்தையின் கடனை அடைத்தது. ஆனால் அதிலிருந்து ஒரு குண்டு கூட இதுவரை மனிதர்கள் மேல் போனதில்லை.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தபோது மாமா தாராவியில் தகரச் சுவர் வீட்டில் இருந்தார். இரண்டு மாதத்திலும் சேர்த்து 900 பேர் செத்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொன்னது. தெருக்காரர்கள் வந்து, "மிலிட்டரிக்காரரே, அதை எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள். மாமா எடுக்கவில்லை. அதற்காகச் சில பேர் அவரோடு வருஷக்கணக்கில் பேசவில்லை. ஒரு தடவை நான் கேட்டபோது சொன்னார்: "ரெண்டு குழலு, ரெண்டு தோட்டா. மூணாவது ஆளு வந்தா என்னலே செய்வ? அது போக, தகரத்துக்கு அந்தப் பக்கம் எவன் பிள்ள தூங்குதுன்னு எனக்குத் தெரியுமா?"

சரி, இப்போது கட்டை விஷயம்.

துப்பாக்கிக் கட்டை என்பது அலங்காரம் இல்லை. சுடுகிறவர் உடம்பையும் குழலையும் சேர்க்கிற பாலம் அது. கட்டை தோளில், கன்னம் கட்டையின் மேல், கண் குழலுக்கு நேராக. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பார்க்கிற இடத்தில் குண்டு போகும். கட்டையை எடுத்துவிட்டால் இடுப்பில் வைத்துச் சுட வேண்டியதுதான்.

"ஷாட்கன்தானே அத்தான், குறியே பார்க்க வேண்டாமே, பரவலாப் போகுமே" என்றான் மச்சான். பெரும்பாலோர் நம்புகிற பொய் இது. குறுக்கம் இல்லாத குழலில் கூட ரவைகள் தோராயமாக ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம்தான் விரியும். மாமா வீடு எஸ்ஆர்ஏ கட்டடத்தில் 225 சதுர அடி. அதில் மிஞ்சி மிஞ்சிப் போனால் பத்தடி தூரம். அந்தத் தூரத்தில் ரவை மூன்று அங்குலம் விரியும், அதாவது ஒரு உள்ளங்கை அகலம். மாமாவின் துப்பாக்கி போல முனை குறுகிய குழல் என்றால் அதைவிடவும் குறைவு. குறி தப்பினால் முழுவதும் தப்பும். தப்பியது எங்கே போகும்? பிளைவுட் தடுப்பையோ தகரத்தையோ ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு.

இன்னொன்று, 12 போரின் உதை. கட்டை இருந்தால் அது தோளிலும் உடம்பிலும் பரவி இறங்கும். கைப்பிடி மட்டும் என்றால் மொத்தமும் மணிக்கட்டில். முன்பின் சுட்டுப் பழகாதவர் கையில் துப்பாக்கி நிற்குமா என்பதே சந்தேகம். போதாததற்கு டபுள் பேரலில் கட்டை என்பது இயந்திரப் பகுதியோடு செதுக்கிப் பொருத்திய மரம். ஸ்க்ரூவைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. சேஃப்டி பொத்தானும் பிடிக்கு மேலே கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கிறது. செங்குத்தான பிடி போட்டால் கட்டைவிரல் அங்கே போகக் கஷ்டப்படும். விசை இரண்டு இருக்கிற துப்பாக்கிக்கு நேரான கழுத்துக் கட்டை வைத்ததற்கே காரணம் உண்டு: முன் விசையிலிருந்து பின் விசைக்குக் கை சறுக்கிப் போக வேண்டும். நம் தாத்தா காலத்து ஆட்கள் யோசிக்காமல் செய்துவிடவில்லை.

மடக்குக் கட்டை, இழுத்து நீட்டுகிற கட்டை எல்லாம் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிகளுக்கு வரும். (நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை கூட 12 போரில் பம்ப் ஆக்‌ஷன் செய்து விற்றிருக்கிறது.) மடக்குவது பெட்டிக்குள் வைக்க வசதி, அவ்வளவுதான். இரும்புக் கம்பி மாதிரி இருக்கிற மடக்குக் கட்டையில் கன்னத்தை வைத்துச் சுட்டால் அறை வாங்கின மாதிரி இருக்கும். நீட்டிக் குறைக்கிற கட்டையில் ஒரு நியாயம் உண்டு. உயரமான ஆளும் குள்ளமான ஆளும் ஒரே துப்பாக்கியைப் பயன்படுத்தினால் அது உதவும்.

ஏனென்றால் எல்லாவற்றையும்விட முக்கியம் கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் கடைசி வரை அளப்பார்கள். கடையில் வருவது பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும், சராசரி ஆண் உடம்புக்குச் செய்தது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று போதும். கட்டை நீளமாகிவிட்டால் அவர் பின்னால் சாய்ந்துதான் பிடிக்க முடியும். கட்டை தோள் குழியில் உட்காராமல் கையின் மேல் ஏறும், கன்னம் ஒட்டாது, உதை ஆளையே தள்ளும். உயரமானவர் குட்டைக் கட்டையைச் சமாளித்துவிடலாம், குள்ளமானவர் நீளக் கட்டையைச் சமாளிக்க முடியாது. ஆக வீட்டில் யார் சிறியவரோ அவர் அளவுக்குத்தான் கட்டை. பின்னால் தடிமனான ரப்பர் பேடு. மரமோ பிளாஸ்டிக்கோ, அது இரண்டாம் பட்சம். இதுதான் என் தீர்ப்பு.

தீர்ப்பைச் சொன்னதும் ஒரு சோதனை செய்தோம். மாமா துப்பாக்கியை எடுத்து, மடக்கித் திறந்து, இரண்டு குழலும் காலி என்று எல்லோருக்கும் காட்டினார். தங்கச்சி கையில் கொடுத்தார். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து விசைக்கு விரல் எட்டுகிறதா என்று பார்க்கிற பழைய முறை ஒன்று உண்டு. தோராயமானதுதான். எட்டவில்லை, ஒரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி. மூன்று கிலோ சொச்சத்தை அரை நிமிஷம் தூக்கியதில் அவள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நேரம் நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் கட்டை பற்றி விவாதம் செய்கிறோம். ராத்திரி அதைத் தூக்க வேண்டியவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டேன். "அண்ணே, எனக்கு இது வேண்டாம். பிள்ளை எட்டிப் பிடிக்கிற உயரத்துல இது இருந்தாலே எனக்குத் தூக்கம் வராது. வாசலுக்கு ஒரு நல்ல இரும்பு சேஃப்டி டோர் போட்டுத் தரச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

அவள் சொன்னதைச் சட்டத்தின் பக்கமிருந்தும் பார்க்கலாம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கிற குடிமகனுக்கு ஷாட்கன் லைசென்ஸ் தர வழி வைத்திருக்கிறது; ஆனால் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அப்படியென்றால் 20 அங்குலக் குழல், ஏழெட்டு அங்குலம் இயந்திரப் பகுதி, கட்டை ஒரு 13, 14. பம்ப் ஆக்‌ஷனே மூன்றேகால் அடிக்கு மேல். மாமாவின் ரெட்டைக் குழல் நாலடியை நெருங்குகிறது. கட்டில், பீரோ, பிரிட்ஜ், தையல் மிஷின் போக மிச்சமிருக்கிற இடத்தில் அதைத் திருப்பவே முடியாது, எந்தக் கட்டை போட்டாலும். வெட்டிச் சின்னதாக்கலாமே என்றால், லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறைப்பது குற்றம். கட்டை வேலையானாலும் அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையில்தான் செய்ய வேண்டும், தெருமுனை ஆசாரியிடம் இல்லை.

2016-ஆம் வருட விதிகளின்படி எழுபது வயதானாலோ, இருபத்தைந்து வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்க வழி இருக்கிறது. மச்சானின் நினைப்பு அதுதான். கிடைத்தாலும் அது மச்சான் பெயரில். அவனோ ராத்திரி வேலையில். வீட்டிலிருக்கிற தங்கச்சிக்கு லைசென்ஸ் இல்லை. பூட்டி வைத்துச் சாவியை அவன் கொண்டுபோனால் பிரயோஜனமில்லை, சாவியை வைத்துவிட்டுப் போனால் சட்டப்படி தப்பு. எந்தப் பிரச்சினைக்காக வைக்கிறோமோ அந்தப் பிரச்சினைக்கே உதவாது.

சுட்ட பிறகு? பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, இருட்டிய பிறகு வீடு உடைத்து வருகிறவனைத் தடுக்க உயிர் போகிற அளவுக்குக் கூட உரிமை தருகிறது. ஆனால் 37-ஆம் பிரிவின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத்தான்: தேவைக்கு மேல் தீங்கு கூடாது, போலீஸை நாட நேரமிருந்தால் உரிமையே இல்லை. தேவைக்கு மேலா கீழா என்று வருஷக்கணக்கில் கோர்ட்டில் நிற்கப் போவது யார்?

இந்த ஊரில் நடந்ததையும் பாருங்கள். 2006 ஏப்ரலில் ஒர்லியில் பிரமோத் மகாஜன் தன் சொந்த வீட்டுக்குள் சுடப்பட்டார். சுட்டது தம்பி, லைசென்ஸ் பிஸ்டலால். 2024 அக்டோபர் 1 அதிகாலை ஜூஹுவில் நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய லைசென்ஸ் ரிவால்வரே வெடித்தது. மிரட்டல் வந்ததால் 2022-இல் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிய சல்மான் கான் வீட்டு வாசலில் 2024 ஏப்ரலில் பைக்கில் வந்தவர்கள் சுட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். இவர்களெல்லாம் காவலாளி வசதி உள்ளவர்கள். நாம் 225 சதுர அடி.

எதிர்வாதம் தெரியும். "உன் செம்பூர் சொசைட்டியில் கேட், வாட்ச்மேன், இன்டர்காம் எல்லாம் இருக்கு, பேசுவே" என்பீர்கள். நியாயமான கேள்வி. தாராவிக்காரனுக்குப் பாதுகாப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வேண்டியது இரும்புக் கதவு, நல்ல தாழ்ப்பாள், மாடிப்படியில் எரிகிற ஒரு பல்பு, சத்தம் கேட்டால் கதவைத் திறக்கிற பக்கத்து வீடு, 112-க்கு ஒரு போன். ஐந்தடி உயரக்காரிக்கும் இது எல்லாம் அளவாகப் பொருந்தும். எந்தக் கட்டையையும் அறுக்க வேண்டாம்.

ஆகவே மச்சானுக்குச் சொன்னது: வைத்துத்தான் தீருவேன் என்றால் மரக்கட்டையில் கை வைக்காதே, துப்பாக்கிக் கடையில் கொடுத்து ரப்பர் பேடோடு அளவு குறைத்துக்கொள், நீயும் அவளும் முறையாகப் பயிற்சி எடுங்கள், அவளுக்கும் லைசென்ஸ் கேள். இது எதுவும் முடியாதென்றால் டீலரிடம் கொடு, இல்லை காவல் நிலையத்தில் ஒப்படை.

மாமா இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "கதவுக்கு அளவு எடுக்க நாளைக்கு ஆள் வரச் சொல்லு" என்றார் மச்சானிடம். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தது, ஒரே நாளில் விடச் சொன்னால் எப்படி? நானும் வற்புறுத்தவில்லை.

பி.கு.: சேஃப்டி டோர் வியாழக்கிழமை மாட்டியாயிற்று. பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.